நீவா ஜோ சொன்ன நாலு

கால்டரில் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், எதிரே வருகிறவர்கள் வெயிலைப் பற்றியோ பருத்தியைப் பற்றியோ விசாரிக்க மாட்டார்கள். "இந்த வருஷம் எத்தனை?" என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூட அணி, ஆட வேண்டிய பத்து ஆட்டங்களில் எத்தனையை ஜெயிக்கும் என்று அர்த்தம். மேற்கு டெக்சஸில் கிடக்கும் அந்த ஊரில் சிக்னல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் மைதானத்து இருக்கைகளில் ஊர் முழுவதும் உட்கார்ந்தாலும் இடம் மிச்சமிருக்கும். பெயர்தான் கால்பந்து. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், இல்லையென்றால் ஒருவன் எறிய இன்னொருவன் பிடிப்பான். மற்றவர்களெல்லாம் ஹெல்மெட் மாட்டிய தலையோடு முட்டி மோதி ஒருவரையொருவர் கவிழ்ப்பார்கள். கால்டர் அணிக்கு முயல்கள் என்று பெயர். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் சிரிக்காமல்தான் திரும்பிப் போவார்கள்.

எத்தனை என்று சொல்லுகிற பொறுப்பு நீவா ஜோ ஸ்டோவலுடையது. கடைத்தெருவில் பெண்களுக்கு முடி திருத்தும் பார்லர் வைத்திருப்பவள். அறுபதைத் தாண்டியவள் என்பதால் ஊர் அவளை மரியாதையாக 'மிஸ் நீவா' என்று கூப்பிடும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், மைதானத்தில் நடக்கும் தர்பூசணி விருந்தில், தீவனக்கடை ஆர்லிஸ் பெக் மைக்கைப் பிடித்து "எட்டு!" என்று முழங்கினான். பின்வரிசையிலிருந்து நீவா ஜோ, "அஞ்சுதான் ஆர்லிஸ், ஆசைக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள். அந்த வருஷம் ஐந்துதான். அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் மைக் அவள் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஆட்டமாகப் பெயர் சொல்லி, ஜெயிப்போம், தோற்போம் என்று வரிசையாகச் சொல்லிக் கடைசியில் மொத்தக் கணக்கைச் சொல்லவேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

அவளிடம் மந்திரம் மாயம் ஒன்றும் கிடையாது. ஆர்லிஸும் அவன் கூட்டாளிகளும் தீவனக்கடையில் உட்கார்ந்து, எந்தப் பையன் எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் என்று மாய்ந்து மாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நீவா ஜோவிடம் அந்தப் பையன்களின் அம்மாக்கள் வருவார்கள். எவன் கணக்கில் கோட்டை விட்டான் (கோட்டை விட்டவன் களமிறங்க முடியாது), எந்த அப்பனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்துக் குடும்பமே ஊரைக் காலி செய்யப்போகிறது, எவனை அவன் காதலி கைவிட்டதில் அவன் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறான், எல்லாம் அவள் காதுக்கு வந்துவிடும். அதிலும் தலை கழுவும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்துப் படுத்ததும் பெண்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். கண் மூடியிருக்கும், கேட்பவள் முகம் தெரியாது, வெந்நீர் இதமாக ஓடும். தொட்டியில் கேட்டது தன் வாயைத் தாண்டாது என்பதில் நீவா ஜோ சாமி கும்பிடுகிற மாதிரி உறுதியாக இருந்தாள். கேட்டதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரே ஒரு எண்ணை மட்டும்தான் வெளியே விடுவாள். ஊர் அவளை நம்பியதற்குக் காரணம் அதுதான்.

பார்லரின் பின்பக்கம் அவள் கணவன் லீலண்ட் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூட வராந்தாவில் இன்றைக்கும் அவன் புகைப்படம் தொங்குகிறது. முயல்கள் மாநிலக் கோப்பையைத் தூக்கிய ஒரே வருஷத்தின் நாயகன் அவன். எதிரியைத் தலையாலேயே முட்டிச் சாய்ப்பான் என்று ஊர் கொண்டாடிய தலை அது. அந்தத் தலை இப்போது காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுகிறது. மடித்த துண்டைப் பிரித்துத் திரும்ப மடிக்கும். நீவா ஜோவைப் பல நாள் பார்லர் முதலாளியம்மா என்றே நினைத்துக்கொள்ளும். ஆனால் வெள்ளிக்கிழமை, ஆட்ட நாள் என்பது மட்டும் அதற்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"என் ஹெல்மெட் எங்க?" என்று தேட ஆரம்பிப்பான்.

"அடுத்த வாரம் ஆடலாம் லீலண்ட்," என்பாள் அவள். அவன் நம்பமாட்டான். அலமாரியெல்லாம் திறந்து பார்த்து, அழுது, ஓய்ந்து போவான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் இதைப் பார்த்தாள். கைதட்டிய ஊரில் ஒருவர்கூட இதைப் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் ஊரெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. ஜேஸ் பாஸ்கம் என்று ஒரு பையன். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவன். அணியே அவன் கையில்தான். அவன் எறிந்தால் பந்து ஓடுகிறவன் கையில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்ளும். நீவா ஜோவே ஜூலையில் யாரோ கேட்டதற்கு, "ஒம்பதுக்குக் கொறையாது" என்று சொல்லிவிட்டாள். அது அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, ஆர்லிஸ் தன் கடைக் கண்ணாடியில் பெரிய ஒன்பது வரைந்து வைத்துவிட்டான்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜேஸின் அம்மா கோரின் முடிக்குச் சாயம் போட வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. புருஷன் விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. நீவா ஜோவுக்கு அவள் வாடிக்கைக்காரி மட்டுமல்ல. லீலண்டுக்கு ரொம்ப முடியாத நாட்களில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, அவனுக்குச் சூப் ஊட்டிவிட்டுப் போகிறவள். தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிஸ் நீவா, உங்க வீட்டுக்காரருக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

நீவா ஜோவின் விரல்கள் நுரைக்குள் அப்படியே நின்றன. "ஏன் கேக்குற கண்ணு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற கேள்வியா இது?"

கோரின் கண்ணைத் திறக்கவில்லை. "வசந்தத்துல பயிற்சி ஆட்டத்துல ஒருத்தன் வந்து ஜேஸ் தலையில மோதினான்ல? அன்னிக்கு ராத்திரி வாந்தி எடுத்தான். சரி, சூடுன்னு விட்டுட்டேன். இப்ப வெளிச்சம் பட்டாலே கண்ணைப் பொத்திக்கிறான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் சாப்பிடறான். போன வாரம் 'ராத்திரிக்கு என்னம்மா'ன்னு கேட்டான். சொன்னேன். திரும்பக் கேட்டான். சொன்னேன். மறுபடியும் கேக்குறான் மிஸ் நீவா, முத தடவ கேக்குற மாதிரியே."

பின்பக்கம் லீலண்ட் துண்டு மடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"போனா அவர் எழுதிக் கொடுத்துடுவாரு, ஆடக்கூடாதுன்னு. ரெண்டாவது ஆட்டத்துக்குப் பல்கலைக்கழகத்துலேருந்து ஆள் வராங்க, இவனைப் பாக்கறதுக்குன்னே. ஆட்டம் பிடிச்சா ஃபீஸ் இல்லாம சேத்துக்குவாங்க. இவன் களத்துல இல்லன்னா அவங்க வேற ஊருக்குப் போயிடுவாங்க. நான் சம்பாதிக்கிறதுல இவனைக் காலேஜ் வாசலைக்கூட மிதிக்க வைக்க முடியாது. இந்த ஒரு சீசன். இது முடிஞ்சதும் எந்த டாக்டர்னாலும் காட்டறேன்."

"கோரின், அங்க உக்காந்து துண்டு மடிக்கிறாரே, அவரும் ஒரு சீசன் ஒரு சீசன்னுதான் சொன்னாரு."

கோரின் சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நீவா ஜோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தொட்டியில சொன்னது வெளிய போகாதுன்னு நம்பித்தானே சொன்னேன்? கோச்சுகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்," என்றாள் நீவா ஜோ. அப்படிச் சொன்னதற்காக அன்று முழுவதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வாக்கைக் காப்பாற்றினால் அந்தப் பையனின் தலை போகும். காப்பாற்றாவிட்டால் கோரினும் போவாள், இத்தனை வருஷம் தொட்டியில் தலை சாய்த்த அத்தனை பெண்களின் நம்பிக்கையும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. அடுப்பில் வைத்த பீன்ஸ் அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு இரண்டையும் செய்ய ஒரு வழி தோன்றியது. வழி என்று சொன்னால் பெரிய வார்த்தை, ஒரு சந்து.

முயல்களுடைய பத்து ஆட்டங்களையும் எதிராளிகளையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு ஊர்களின் அணி சோப்ளாங்கி. பந்தைத் தூக்கிக்கொண்டு நேரே ஓடினாலே போதும், எறியவே வேண்டாம். மற்ற ஆறு ஊர்க்காரர்களும் சுவர் மாதிரி நிற்பவர்கள். அவர்கள் தலைக்கு மேலே எறிந்தால்தான் ஜெயிக்க முடியும். அந்த ஆறையும் தோல்வி என்று சொன்னால்? வாயைத் திறந்து ஜேஸ் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஒன்றும் புரியாது. அணிக்குப் பயிற்சி கொடுக்கும் கோச் டப்ஸுக்கு மட்டும் புரியலாம். புரியாமலும் போகலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் மேஜைகளில் தர்பூசணிகளைப் பிளந்து வைத்திருந்தார்கள். புகையில் வெந்த மாட்டிறைச்சி வாசனை. பிள்ளைகள் விதையைத் துப்பி விளையாடினார்கள். புது ஜெர்சியில் அணி வரிசையாக நின்றது. ஜேஸ் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். லீலண்டை மேஜை ஓரம் உட்காரவைத்து, ஒரு துண்டு பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்தபோதுகூட, ஒன்பது சொல்வதா நாலு சொல்வதா என்று நீவா ஜோவுக்கு முடிவாகவில்லை. ஒன்பது சொல்லிவிட்டால் எல்லாரும் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். அவளுக்குத் தூங்கவேண்டும் போலத்தான் இருந்தது.

"இந்தாங்க மிஸ் நீவா," ஆர்லிஸ் மைக்கை நீட்டினான். "ஒம்பதுன்னு ஊருக்கே தெரியும். இருந்தாலும் உங்க திருவாயால ஒரு தடவ கேட்டுடறோம். எங்க மூளைக்குச் சாயம் பூசி விடுங்க!"

"உனக்குப் பூசினா ஒட்டாது ஆர்லிஸ், எதுலன்னு பூசறது?" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

அந்த நேரம் பார்த்து மைதானத்து விளக்குகளைப் போட்டார்கள். நாலு கம்பங்களிலிருந்தும் வெள்ளை வெளிச்சம் கொட்டியது. எல்லாரும் ஹோவென்று கத்தினார்கள். வரிசையில் ஜேஸ் மட்டும் அடி வாங்கியவன்போல் குனிந்து இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் வேடிக்கை என்று நினைத்து அவன் முதுகில் தட்டினான். நீவா ஜோ அதைப் பார்த்தாள். கோரினும் அதைப் பார்த்தாள்.

"பெல்ஃபோர்ட்," என்றாள் நீவா ஜோ மைக்கில். முதல் ஆட்டம். "தோப்போம்."

கூட்டம் சிரித்தது. அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்தார்கள்.

"குவாரி சிட்டி. தோப்போம்." அது பல்கலைக்கழக ஆட்கள் வரவிருந்த ஆட்டம். சிரிப்பு அங்கங்கே நின்றது. "சாண்ட் க்ரீக், ஜெயிப்போம். ட்வின் வெல்ஸ், ஜெயிப்போம்." யாரோ நம்பிக்கையில்லாமல் விசிலடித்தார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பெயருக்கும் மைதானம் இன்னும் கொஞ்சம் அடங்கியது. கடைசிப் பெயரைச் சொல்லும்போது யாரும் பழத்தைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"மொத்தம் நாலு," என்றாள்.

பிறகு கூச்சல். "வயசாயிடுச்சு, புருஷன் மாதிரியே இவளுக்கும் கழண்டுடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். ஆர்லிஸ் மைக்கைப் பிடுங்கி, "கோச்சு டப்ஸ் லட்சணம் இதுதான்னு மிஸ் நீவாவே சொல்லிட்டாங்க!" என்றான். கோச் டப்ஸ் குட்டையான, கழுத்தே இல்லாத மனிதர். முகம் தர்பூசணி நிறத்துக்குப் போய்விட்டது. கோரின் மட்டும் கத்தவில்லை. மேஜையிலிருந்து எழுந்து, நீவா ஜோவை ஒரு தரம் நேராகப் பார்த்தாள். பிறகு கார் நிறுத்தியிருந்த பக்கம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்லர் வாசலில் ஒரு முழு தர்பூசணி உடைந்து சிதறிக் கிடந்தது. கட்டெறும்பு மொய்த்திருந்தது. நீவா ஜோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டாள். அந்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கோரினிடமிருந்து கைப்பேசியில் ஒரே வரி வந்தது: இனிமே நான் வரமாட்டேன்.

திங்கட்கிழமை கோச் டப்ஸ் வந்தார். பெண்கள் பார்லருக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஷாம்பூ பாட்டில்களுக்கு நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"சனிக்கிழமை உங்களைத் திட்டணும்னுதான் கெளம்பினேன் மிஸ் நீவா. மனைவி தடுத்துட்டா. நேத்து பூரா உக்காந்து நீங்க சொன்னதை யோசிச்சேன். நீங்க தோப்போம்னு சொன்ன ஆறும் எறிஞ்சா மட்டும் ஜெயிக்கிற ஆட்டம். ஓடியே ஜெயிக்கிற நாலும் ஜெயம். ஆளைப் பாத்துச் சொன்ன மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஜேஸுக்கு என்ன?"

நீவா ஜோ சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சொல்லுங்க. கையா? தோள்பட்டையா?"

"நான் யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல கோச்சு. எத்தனைன்னு கேட்டாங்க, சொன்னேன்."

குரல் கேட்டு லீலண்ட் துண்டும் கையுமாக உள்ளிருந்து வந்தான். கோச்சின் மேல் சட்டையில் முயல் படத்தைப் பார்த்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது. "கோச்சு, இந்த வாரம் நான் ஆடறேன்ல? தலைவலி போயிடுச்சு, சத்தியமா. எங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க."

கோச் டப்ஸ் அவனைப் பார்த்தார். பள்ளிக்கூட வராந்தாவில் தினமும் பார்த்துக்கொண்டு போகிற முகம்தான். பார்த்தபடியே பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வசந்தத்துல ஜேஸ் அடி வாங்கினதை நான் பாத்தேன். எழுந்து நின்னு கையைக் காட்டினான். நான் போய்க் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவானோன்னு பயம்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனை உக்கார வெச்சா ஆறு தோல்விதான். ஆர்லிஸ் என் வீட்டுச் சாமான வண்டியில ஏத்திட்டுத்தான் மறுவேலை பாப்பான்."

"தெரியும்," என்றாள் நீவா ஜோ.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லாமலேயே எழுந்து போனார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதற்கப்புறம் நாலு நாள் ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை. ஜேஸ் பயிற்சிக்கு வந்தான் என்றார்கள், வரவில்லை என்றார்கள். ஆர்லிஸ் கண்ணாடியில் வரைந்த ஒன்பதை அழிக்காமலே வைத்திருந்தான். கோச் மனது மாறியிருந்தால், வெள்ளிக்கிழமை அந்தப் பையன் ஹெல்மெட்டோடு ஓடி வருவான், பெல்ஃபோர்ட்காரர்கள் அவன் தலையைக் குறிவைப்பார்கள். அந்த எண்ணம் நீவா ஜோவை நிற்கவும் விடவில்லை, உட்காரவும் விடவில்லை. அவள் சொன்ன எண்ணிக்கை ஒரு தடவையாவது பொய்யாகாதா என்று ஆசைப்படுகிறவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். அது மெய்யாகவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அந்த வருஷம்தான்.

வெள்ளிக்கிழமை லீலண்டைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். படியேறும்போது இரண்டு பெண்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள், வழி விட அல்ல, அவள் மேலே பட்டுவிடக் கூடாது என்று. இரண்டு வரிசை கீழே கோரின் தனியாக உட்கார்ந்திருந்தாள். சாயம் போடாத வகிட்டில் நரை தெரிந்தது. லீலண்ட் காலையிலிருந்தே ஹெல்மெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லா அலமாரியும் திறந்து கிடந்தன.

பள்ளிக்கூட வாத்தியக் குழு முழங்கியது. மைதான ஓரத்தில் பிள்ளைகள் நீட்டிப் பிடித்த பெரிய காகிதத் திரையைக் கிழித்துக்கொண்டு முயல்கள் ஓடி வந்தார்கள். ஒவ்வொருவன் முதுகிலும் இருந்த எண்ணை நீவா ஜோவின் கண் தேடியது. ஜேஸின் ஏழு வரவில்லை. ஜனம் எழுந்து நின்று கத்தியது. கத்தல் மெல்ல மெல்ல முணுமுணுப்பானது. எல்லாரும் வந்து முடிந்த பிறகு, கோச் டப்ஸோடு சேர்ந்து நடந்து வந்தான் ஜேஸ். ஜெர்சியில் ஏழு. கீழே ஜீன்ஸ். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தலையில் ஒன்றுமில்லை.

"அடப்பாவிங்களா!" என்று எங்கேயோ ஆர்லிஸின் குரல் உடைந்தது. கோரின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீவா ஜோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

லீலண்ட் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "எல்லாரும் வந்தாச்சு. என் ஹெல்மெட் எங்க? எனக்கு நேரமாச்சு."

"உனக்கு இன்னைக்கு வேணாம் லீலண்ட்."

"ஏன் வேணாம்?"

"அங்க பாரு. அந்தப் பையனுக்கும் கோச்சு வேணாம்னு சொல்லிட்டாரு. வெறும் தலையோட ஜம்முனு நிக்கிறான் பாரு."

லீலண்ட் வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் தலைமுடியைக் கையால் ஒரு தரம் தடவிக்கொண்டான். "அப்ப சரி," என்று சொல்லி உட்கார்ந்தான். அன்று அழவில்லை.

இரண்டு வரிசை கீழேயிருந்து கோரின் திரும்பிப் பார்த்தாள். நீவா ஜோவை அல்ல, லீலண்டை. களத்தில் ஆட்டம் ஆரம்பித்த பிறகும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.